தடுத்தவன் கணக்கை யார் எழுதுவது? ஜர்னைல் சிங் என்ற பேக்கின் கதை

பதிவு கொஞ்சம் நீளம். வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படிக்கலாம்.

போட்டித் தேர்வுப் புத்தகங்களில் விளையாட்டுப் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். அதிக கோல் போட்டவர் யார், முதல் கோல் போட்டவர் யார், இறுதி ஆட்டத்தில் வெற்றி கோல் யாருடையது என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். எதிராளி போட வந்த கோலைத் தடுத்தவர் யார் என்று ஒரு கேள்வி இருக்காது. கேட்கவும் முடியாது. விழுந்த கோலுக்கு நிமிடமும் பெயரும் உண்டு. விழாத கோலுக்கு எந்த நோட்டிலும் வரி கிடையாது.

எங்கள் இடைசெவல் பக்கத்துக் கரிசலில் இதற்கு ஓர் உவமை சொல்லலாம். நல்ல வருடம் வந்தால் எத்தனை மூட்டை கம்பு, எத்தனை குவிண்டால் பருத்தி என்று ஊரே கணக்குச் சொல்லும். ஐப்பசி அடைமழையில் கண்மாய்க் கரை உடையாமல் நின்றதே, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கரை உடைந்தால்தான் கரையைப் பற்றிப் பேச்சே வரும். ஆட்டத்தில் பின்னால் நிற்கும் பேக்கும் அந்தக் கரை மாதிரிதான்.

இன்று அப்படி ஒரு பேக்கின் வாழ்க்கையை எழுதப் போகிறேன். பெயர் ஜர்னைல் சிங். அவரிடம் போவதற்கு முன், அவர் நின்ற இடம் எப்படி உருவானது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

கால்பந்தை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் பிரிட்டிஷ் பட்டாளத்துக்காரர்கள். அதில் ஸ்காட்லாந்துப் படைகளுக்குத் தனி இடம் உண்டு. 1888இல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பையின் முதல் இறுதி ஆட்டமே இரண்டு ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகளுக்கு இடையில்தான் நடந்தது. ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் அணி, ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி அணியை 2-1 என்று வென்றது. அந்தக் காலத்தில் முன்னால் ஐந்து பேர், நடுவில் மூன்று பேர், கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டே இரண்டு பேக். எதிரே ஐந்து பேர் ஓடி வருவார்கள், தடுக்க இருவர்.

1911இல் கல்கத்தாவின் மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் படை அணியை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியது. வெள்ளைக்காரனை வெறுங்காலால் வென்ற ஆட்டம் என்று வரலாற்றுப் பாடத்தில் சொல்லியிருப்போம். அந்தப் பதினொரு பேரில் பூட்ஸ் போட்டிருந்தவர் ஒருவர் மட்டும். அவர் சுதீர் சாட்டர்ஜி, ஆடிய இடம் பேக். கோல் போட்ட சிப்தாஸ் பாதுரியையும் அபிலாஷ் கோஷையும் பலருக்குத் தெரியும். சுதீர் சாட்டர்ஜியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவருக்கு அடுத்து அதே மோகன் பகானில் கோஷ்டோ பால் வந்தார். 1896இல் பிறந்தவர். பூட்ஸ் போட்ட பட்டாள அணிகளை வெறுங்காலோடு எதிர்த்து நின்ற பேக். சீனப் பெருஞ்சுவர் என்றே அவருக்குப் பட்டப்பெயர். 1962இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் கால்பந்து ஆட்டக்காரர் அவர்தான். அந்த ஆண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை மறுபடியும் அந்த ஆண்டுக்கு வரும்.

மூன்றாவது, சைலேன் மன்னா. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணியின் கேப்டன். இந்தோனேசியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0, இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கினோம். இறுதி ஆட்டத்தில் கோல் போட்டவர் மேவாலால் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். நான் காட்ட விரும்புவது மற்ற பக்கத்து எண்ணை. 0, 0, 0. அந்தப் போட்டி முழுவதும் இந்தியா ஒரு கோல்கூட வாங்கவில்லை. அந்த மூன்று பூஜ்யங்கள் மன்னாவும் அவருடைய பின்வரிசையும் எழுதியவை. பேக்குக்குக் கையெழுத்து என்று ஒன்று உண்டென்றால் அது பூஜ்யம்தான்.

அதே மன்னா கேப்டனாக இருந்து அடுத்த ஆண்டு ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றோம். குளிர் ஊரில் நம் ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். உலகம் அதற்குள் மாறியிருந்தது. 1925இலேயே ஆஃப்சைடு விதியைத் திருத்தியிருந்தார்கள். அதற்குமுன் பந்தை வாங்குகிறவனுக்கு முன்னால் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். திருத்தத்துக்குப் பிறகு இரண்டு பேர் போதும் என்றானது. ஃபார்வர்டுகளுக்கு வழி திறந்துவிட்டது. அந்த வழியை அடைக்கத்தான் நடுவரிசையில் நின்றவரைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு பேக்குகளுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். அந்த இடத்துக்கு ஸ்டாப்பர் என்று பெயர். இந்தியா பழைய இரண்டு பேக் முறையிலேயே நெடுங்காலம் ஆடிவந்தது. பத்து வாங்கிய பிறகுதான் மாற்றங்கள் வேகமாக வந்தன. பூட்ஸ் கட்டாயமானது. ஆட்டமுறையையும் மாற்றினார்கள். மாற்றியவர் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். (நம்ம ஆள்!) 2024இல் வந்த "மைதான்" இந்திப் படம் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும்.

ரஹீமுக்கு ஒரு நல்ல ஸ்டாப்பர் தேவைப்பட்டார். கிடைத்தவர் ஜர்னைல் சிங்.

1936 பிப்ரவரி 20இல் பிறந்தவர். நாடு பிரிந்தபோது வயது 11. மேற்குப் பஞ்சாபில் நடந்த கலவரத்தில் உறவுகளைப் பறிகொடுத்து, அகதியாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்த பிள்ளை. ஹோஷியார்பூர் மாவட்டத்தில் பனாம் என்ற கிராமத்தில் வளர்ந்தார். பக்கத்தில் மாஹில்பூர் என்று ஓர் ஊர். பஞ்சாபில் கால்பந்துக்கு மாஹில்பூர் என்றால், தமிழ்நாட்டில் ஹாக்கிக்கு நம்ம கோவில்பட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள கால்சா கல்லூரி அணியில் பெயர் வாங்கி, அங்கிருந்து கல்கத்தா போனார். 1958இல் ராஜஸ்தான் கிளப். அடுத்த ஆண்டே மோகன் பகான். கோஷ்டோ பாலும் மன்னாவும் காத்த அதே பின்வரிசையில் 1959 முதல் 1968 வரை நின்றார். 1963, 1964, 1965 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் டூரண்ட் கோப்பையை மோகன் பகான் வென்றது இந்தக் காலத்தில்தான்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1885இலும் ஸ்காட்லாந்தில் 1893இலும் பணம் வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடுவது முறைப்படி அனுமதிக்கப்பட்டுவிட்டது. அங்கே ஒரு பேக் என்றால் கிளப்பில் ஒப்பந்தம், வாரச் சம்பளம் என்று தொழிலாகவே வாழலாம். நம் நாட்டில் ஜர்னைல் சிங் ஆடிய காலத்தில் அப்படி இல்லை. ஆட்டம் ஒரு பக்கம், பிழைப்புக்கு ஒரு வேலை இன்னொரு பக்கம். முழங்கால் போனால் அதோடு ஆட்டமும் போச்சு. இந்த நிலையில்தான் மனிதர் உடம்பைக் குறுக்கே போட்டு ஆடினார்.

அவர் ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது அவருடைய உடல் வலுவையும் அஞ்சாத மோதலையும்தான். தோளோடு தோள் இடித்துப் பந்தை எடுப்பதிலும், தரையோடு சறுக்கிப் போய்ப் பந்தைப் பறிப்பதிலும் பேர் பெற்றவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றோம், பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தோம், பெருவிடம் 1-3 என்று தோற்றோம். எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் பத்து கோல் வாங்கிய அணி, அன்று உலகின் முன்வரிசையில் இருந்த ஹங்கேரியிடம் இரண்டே கோல்தான் வாங்கியது. பதக்கப் பட்டியலில் இந்த முன்னேற்றம் தெரியாது. ஸ்கோரை ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது 1962. ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி.

இந்தோனேசிய அரசு இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அனுமதி தரவில்லை. ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான இந்தியர் ஜி. டி. சோந்தி இதை எதிர்த்துப் பேசினார். இவர்களை விலக்கிவிட்டு இதை ஆசியப் போட்டி என்று அழைக்க முடியாது என்பது அவர் வாதம். ஜகார்த்தாவில் கோபம் இந்தியர்கள் மேல் திரும்பியது. இந்தியத் தூதரகத்தையே கும்பல் தாக்கியது. ஆட்டக்காரர்கள் அந்தச் சூழ்நிலையில்தான் மைதானத்துக்குப் போய் வந்தார்கள்.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றோம். அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றோம். ஆனால் அந்த ஆட்டத்தில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி. தையல் போட வேண்டிய காயம். ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்குப் போனபோது ரஹீமுக்குச் சிக்கல். ஸ்டாப்பர் இடத்தில் நிற்பவன் வருகிற உயரப் பந்தையெல்லாம் தலையால் அடித்து வெளியேற்ற வேண்டும். கட்டுப்போட்ட தலையோடு அதை ஆட்டம் முழுக்க எப்படிச் செய்வது? அவரை வெளியே உட்கார வைக்கவும் மனமில்லை.

ரஹீம் ஒரு முடிவெடுத்தார். ஜர்னைல் சிங்கை முன்னால் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். காலியான ஸ்டாப்பர் இடத்தில் அருண் கோஷை நிறுத்தினார்.

அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றோம். கேப்டன் சுனி கோஸ்வாமி இரண்டு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரே முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த அதே தென்கொரியா. செனாயன் மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இந்திய அணி இறங்கியதும் கூச்சல். அந்தக் கூட்டத்தில் நமக்காகக் குரல் கொடுத்தவர்கள் ஒரு சிறு குழுதான், பாகிஸ்தான் ஹாக்கி அணியினர். ஹாக்கி இறுதி ஆட்டத்தில் நம்மை 2-0 என்று வென்று தங்கம் வாங்கியவர்கள். அவர்கள் கேலரியில் உட்கார்ந்து இந்தியக் கால்பந்து அணிக்குக் கைதட்டினார்கள். பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து எல்லை தாண்டி வந்த பிள்ளை, பதினைந்து வருடம் கழித்து, தலையில் கட்டோடு ஆடுகிறார். அவருக்காக அந்த மண்ணின் பிள்ளைகள் குரல் கொடுக்கிறார்கள். வகுப்பில் பிரிவினைப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பி. கே. பானர்ஜி 17ஆம் நிமிடத்தில் முதல் கோல். 20ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங் இரண்டாவது கோல். கடைசிக் கட்டத்தில் கொரியா ஒன்று போட்டது. 2-1. தங்கம்.

ஆகவே புத்தகங்களில் ஜர்னைல் சிங் பெயர் எப்படி வருகிறது? 1962 இறுதி ஆட்டத்தில் கோல் போட்டவர் என்று. வாழ்நாள் முழுக்கத் தடுத்து நின்றவரை இரண்டு ஆட்டங்களில் முன்னால் போய்ப் போட்ட கோல்களால்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது.

இன்னொரு கேள்வி கேட்கிறேன். அவர் முன்னால் போனபோது பின்னால் அவர் இடத்தைக் காத்த அருண் கோஷை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 20ஆம் நிமிடத்திலேயே 2-0 ஆகிவிட்டது. அதன்பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல், ஒரு லட்சம் பேர் கத்த, கொரியர்களைத் தடுத்து நின்றவர்கள் யார்? அருண் கோஷ், சந்திரசேகர், திரிலோக் சிங். திரிலோக் சிங் கால்விரல் காயத்தோடு ஆடினார். கோலில் நின்ற பீட்டர் தங்கராஜுக்குக் காய்ச்சல். தங்கராஜ் நம்ம ஊட்டிப் பக்கம் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்காக ஆடி, 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பை வாங்கியவர். அந்த அணியில் முன்வரிசையில் ஆடிய துளசிதாஸ் பலராமும் செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்தான்.

ஜர்னைல் சிங் கோல் போட்டதும் அவருக்குப் பெயர் வந்தது. அவருடைய பழைய இடத்தில் நின்றவருக்கு, அந்த இடத்துக்கே உரிய மறதி வந்தது. குறை மனிதர்களிடம் இல்லை, நாம் கணக்கெழுதும் முறையில் இருக்கிறது.

ரஹீம் அப்போதே நுரையீரல் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். 1963 ஜூன் 11இல் காலமானார். இந்தியக் கால்பந்துக்கு ஆசிய விளையாட்டில் தங்கம் அதன்பிறகு இன்றுவரை இல்லை.

ஜர்னைல் சிங் மறுபடியும் தன் இடத்துக்கு, பின்வரிசைக்கே திரும்பினார். 1964இல் அர்ஜுனா விருது. இந்தியா ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம் பெற்றதும் அந்த ஆண்டுதான். 1965 முதல் 1967 வரை இந்திய அணியின் கேப்டன். 1966இல் ஆசிய நட்சத்திர அணிக்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தத் தேர்வு கோல் எண்ணிக்கையைப் பார்த்து நடந்ததல்ல. எதிரே ஆடித் தோற்றவர்களுக்கும் மோதி விழுந்தவர்களுக்கும் இவருடைய மதிப்பு தெரிந்திருந்தது. தடுத்தவன் கணக்கை உண்மையில் வைத்திருப்பவன் எதிராளி ஃபார்வர்டுதான்.

பிறகு பஞ்சாபுக்குத் திரும்பி அந்த மாநில அணிக்கு ஆடினார், பயிற்சி கொடுத்தார். பஞ்சாப் அரசின் விளையாட்டுத் துறையில் சேர்ந்து இயக்குநர் பதவி வரை உயர்ந்தார். 2000 அக்டோபர் 13இல் கனடாவில் வான்கூவரில் காலமானார். பிறந்த மண் ஒரு நாடு, ஆடிய மண் ஒரு நாடு, கண்மூடிய மண் இன்னொரு நாடு.

இதையெல்லாம் கோவில்பட்டிப் பக்கத்தில் இருந்துகொண்டு எதற்கு எழுதுகிறேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கி நடந்தது. 1962 போட்டிக்காகக் கட்டப்பட்ட அதே செனாயன் விளையாட்டு வளாகம்தான். ஜர்னைல் சிங் கட்டுத்தலையோடு ஆடிய மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹாக்கித் தரையில், அறுபது வருடம் கழித்து, கோவில்பட்டிப் பிள்ளை மாரீஸ்வரன் இந்தியச் சட்டை போட்டு இறங்கினான். கூடவே கோவில்பட்டி விடுதியில் பயிற்சி எடுத்த அரியலூர்ப் பிள்ளை கார்த்தி. பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டான். ஊரே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். இருவரும் ஃபார்வர்டு.

அந்தத் தொடரில் வெண்கலம் எப்படி வந்தது தெரியுமா? ஜப்பானை 1-0 என்று வென்று. ராஜ்குமார் பால் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அந்த ஒரு கோலைப் போட்டுவிட்டார். மீதி நேரமெல்லாம் அந்தப் பூஜ்யத்தைக் காத்ததுதான் வேலை. அந்த அணியின் கேப்டன் பிரேந்திர லாக்ரா. அவர் ஒரு பேக்.

நம்ம பக்கத்து மைதானங்களில் காலையில் போய்ப் பாருங்கள். மட்டையோடு வரும் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு முன்னால் ஆட வேண்டும். பின்னால் நிற்கச் சொன்னால் முகம் தொங்கிவிடும். தாய் தகப்பன்மாரும், "சார், எம்பிள்ளையைப் பின்னால நிறுத்திட்டீங்களே" என்று வாத்தியாரிடம் வருத்தப்படுவார்கள். பின்னால் நிற்பது தண்டனை என்ற எண்ணம் பிள்ளைக்கு எங்கிருந்து வருகிறது? நாம் கேட்கும் கேள்வியிலிருந்துதான். வீட்டுக்கு வந்ததும், "எத்தனை கோல் போட்ட?" என்று கேட்கிறோம். "எத்தனை தடுத்த?" என்று கேட்பதில்லை.

உடற்கல்வி ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கோர் நோட்டில் இன்னொரு பத்தி சேருங்கள். கோல் போட்டவர் பெயருக்குப் பக்கத்தில், வட்டத்துக்குள் வந்த பந்தை எந்தப் பிள்ளை எத்தனை முறை வெளியேற்றினான் என்று எழுதி, ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெயரையும் எல்லார் முன்னாலும் வாசியுங்கள். செலவு ஒரு பென்சில்தான்.

இந்தப் பதிவைப் படித்தவர்களுக்கும் ஒரு வேலை. உங்கள் பள்ளியில், உங்கள் ஊர் அணியில் பின்னால் நின்று ஆடிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய தொலைபேசி எண் இருந்தால் இன்றைக்கே கூப்பிட்டு, எந்த ஆட்டத்தில் எந்தப் பந்தைத் தடுத்தார் என்று ஞாபகப்படுத்துங்கள். அவருக்கு அந்தப் பந்து கண்டிப்பாக ஞாபகம் இருக்கும். இன்னொருவருக்கும் ஞாபகம் இருக்கிறது என்பதுதான் தெரிந்திருக்காது.